ஹிப்-ஹாப் நாடகம் எழுத வருகிறவர்களுக்கு

ராப் பிடிக்கும், நாடகமும் பிடிக்கும், சுற்றி நடக்கிற அநியாயத்தைப் பற்றி எதையாவது சொல்லியே ஆக வேண்டும் என்று மனசு துடிக்கிறது, ஆனால் பேப்பரை எடுத்து வைத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இப்படி இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான நாடகம் ஒன்றை எழுதிவிட்டு நடுவில் நாலு இடத்தில் ராப் செருகினால் அது ஹிப்-ஹாப் நாடகம் ஆகாது. பாட்டு வரும்போது கதை நிற்கும், கதை வரும்போது பாட்டு நிற்கும், பார்க்கிறவர்கள் இரண்டையும் தனித்தனியாகத்தான் ரசிப்பார்கள். ஹிப்-ஹாப் கதையின் கட்டுமானத்தில் இருக்க வேண்டும். எதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறோம், எங்கே வெட்டுகிறோம், யார் யாருக்குச் சவால் விடுகிறார், சுற்றி நிற்கிறவர்கள் அப்போது என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் அதிலிருந்து வர வேண்டும். சமூகப் பிரச்சினைக்கும் இதே விதிதான். அது வசனத்தில் இருந்தால் போதாது, ஒரு ஆளுடைய அன்றைய தேவைக்குள் இருக்க வேண்டும்.

கொஞ்சம் வரலாறு, எழுத்துக்குத் தேவையான அளவு

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியைக் குறுக்காக அறுத்துக்கொண்டு ஒரு பெரிய விரைவுச்சாலை போட்டார்கள். 1948இல் தொடங்கிய வேலை 1972 வரை நடந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு இழந்தன. 70களில் தெற்கு பிராங்ஸில் கட்டடம் கட்டடமாக எரிந்தது, வேலை இல்லை, அரசு கைவிட்டுவிட்டது. அங்கே கறுப்பின, போர்ட்டோ ரிக்க, கரீபிய இளைஞர்கள் கையில் கிடைத்ததை வைத்து உருவாக்கியதுதான் ஹிப்-ஹாப்.

1973 ஆகஸ்ட் 11 அன்று, 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற குடியிருப்பின் பொது அறையில் சிண்டி கேம்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார், பள்ளி திறக்கும்போது புது உடை வாங்கக் காசு சேர்ப்பதற்காக. இசைத்தட்டு ஓட்டியது அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்பெல், அதாவது டிஜே கூல் ஹெர்க். பாட்டில் மற்ற வாத்தியங்கள் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற அந்தச் சில நொடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர் அவர். அந்த இடத்துக்குப் பெயர் பிரேக். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் (இசைத்தட்டைச் சுழற்றுகிற கருவி) வைத்து, இதில் பிரேக் முடியும்போது அதில் தொடங்கி, சில நொடியைப் பல நிமிடமாக நீட்டினார்.

இதை நாடக ஆசிரியராக யோசித்துப் பாருங்கள். பாட்டு முழுவதும் வேண்டாம், ஆட்கள் எதற்காக மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறார்களோ அந்த இடத்தை மட்டும் எடுத்து நீட்டு, திரும்பக் காட்டு. உங்கள் கதையிலும் அப்படி ஒரு இடம் இருக்கும். கதவு தட்டப்படுகிற நொடி, கையெழுத்துப் போடச் சொல்லி பேனாவை நீட்டுகிற நொடி. சாதாரண நாடகம் அதை ஒரு தடவை காட்டிவிட்டு நகர்ந்துவிடும். நீங்கள் அதையே மூன்று தடவை காட்டலாம், ஒவ்வொரு தடவையும் வேறொருவர் கண் வழியாக. இரண்டு டர்ன்டேபிள் என்பது இரண்டு பார்வை.

டிஜே (இசைத்தட்டு ஓட்டுகிறவர்), எம்சி (ராப் பாடுகிறவர்), பிரேக்கிங் (பிரேக்குக்கு ஆடுகிற ஆட்டம்), கிராஃபிட்டி (சுவரில் எழுதுவது, வரைவது) என்று ஹிப்-ஹாப்புக்கு நான்கு உறுப்புகள் சொல்வார்கள். நான்கையும் மேடையில் ஏற்றியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பத்து நிமிட நாடகத்துக்கு ஒன்றோ இரண்டோ தாராளம். எதை எடுத்தாலும் அதற்கு நாடகத்தில் ஒரு வேலை இருக்கணும். டிஜே வந்தால் காலத்தை நிறுத்துகிற, பின்னுக்கு இழுக்கிற அதிகாரம் அவரிடம் இருக்கட்டும். கிராஃபிட்டி வந்தால் சுவரில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது, யாருடையது அழிக்கப்படுகிறது என்பது கதையாகட்டும்.

பிரச்சினையை ஆளாக மாற்றுங்கள்

தொடக்க எழுத்தாளர்கள் வழுக்கி விழுகிற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்றுதான் போகணும். "வேலைச் சுரண்டலைப் பற்றி எழுதப் போகிறேன்" என்று உட்கார்ந்தால் வருவது மேடைப் பேச்சு. ஒரே வாக்கியத்தில் இதை எழுதிப் பாருங்கள்: யாருக்கு, இன்று, என்ன வேண்டும், தடுப்பது எது, கிடைக்காவிட்டால் எதை இழப்பார். "இன்று" என்ற சொல் முக்கியம். ஒரு இரவு, ஒரு மணி நேரம் என்று காலத்தைச் சுருக்கினால் பிரச்சினை தானாகவே சூடாகும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம், கடைசி வரை அதையே பிடித்துக்கொண்டு போகலாம். மாறன் உணவு டெலிவரி செய்கிறவன். யாரோ ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்ததில் செயலி அவனுடைய கணக்கை முடக்கிவிட்டது. என்ன புகார் என்று சொல்லவில்லை. நாளைக் காலை வண்டிக் கடன் தவணை கட்ட வேண்டும். இன்று ராத்திரி ஓட்டினால்தான் காசு. அக்கா செல்வியும் அதே வேலைதான் செய்கிறாள். அவள் ஐடியில் ஓட்டலாம். ஆனால் மாட்டினால் அவளுடைய கணக்கும் போய்விடும்.

இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். சண்டை தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவே இல்லை, ஒருவரை ஒருவர் நேசிக்கிற இரண்டு பேருக்கு நடுவே வந்துவிட்டது. இன்றைய அநியாயங்கள் பலவற்றில் எதிராளி எதிரே வந்து நிற்பதில்லை. படிவமாக, செயலியாக, பதிவு செய்யப்பட்ட குரலாகத்தான் இருக்கிறான். இல்லாத எதிராளிக்கு வில்லன் வேஷம் போட்டுக் கொண்டுவராதீர்கள், அந்த இல்லாமையையே மேடையில் வையுங்கள். நம் நாடகத்தில் அது உதவி எண்ணில் வரும் குரல்.

இதை எழுதுவதற்கு முன்னால் அந்த வேலை செய்கிறவர்களிடம் போய்ப் பேசுங்கள். கேள்விப் பட்டியலோடு போகாதீர்கள், "நேத்து உங்க நாள் எப்படிப் போச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர்கள் கதையைப் பயன்படுத்தலாமா என்று வாய்விட்டு அனுமதி கேளுங்கள், பெயர், இடம், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றுங்கள், நாலு பேர் சொன்னதைச் சேர்த்து ஒரு பாத்திரம் செய்யுங்கள். அமெரிக்க நாடகக் கலைஞர் அன்னா டெவெர் ஸ்மித், 1991இல் நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸில் நடந்த கலவரத்துக்குப் பிறகு பல தரப்பு மனிதர்களைப் பேட்டி எடுத்து, அவர்கள் பேசிய சொற்களையே, தடுமாற்றத்தோடும் இழுவையோடும், தான் ஒருத்தியாக மேடையில் நிகழ்த்தினார். ஒருவர் பேசும் விதத்திலேயே தாளம் இருக்கிறது என்று அவர் காட்டியது ராப் எழுதுகிறவருக்குப் பெரிய பாடம். நீங்கள் குறித்துக்கொண்டு வர வேண்டியது தகவலை மட்டும் அல்ல, மூச்சு வாங்குகிற இடத்தையும், ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்கிற சொல்லையும்தான்.

லூப்பைக் கண்டுபிடியுங்கள்

இப்போது வசனம் எழுதலாம்.

மாறன்: அக்கா, ஒரே ஒரு ராத்திரி. உன் ஐடியைக் குடு.
செல்வி: அது என் மூஞ்சியைக் கேட்குமேடா.
மாறன்: ஆரம்பிக்கும்போது ஒரு தடவைதான். நீ போட்டோ எடுத்துக் குடுத்தா போதும்.
செல்வி: என் ஐடியும் போச்சுன்னா?
குரல்: உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.

அந்தக் குரல்தான் நம் லூப், அதாவது சுற்றிச் சுற்றித் திரும்ப வருகிற துண்டு. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அதே சொற்கள், வேறு அர்த்தம். முதல் தடவை அது வெறும் உதவி எண். இரண்டாவது தடவை மாறன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து விழுகிறது. மூன்றாவது தடவை செல்வியே தம்பியிடம் அந்த வாக்கியத்தைச் சொல்கிறாள், அவள் போனை எடுக்காமல் விட்ட பிறகு. ஹிப்-ஹாப்பில் ஹுக், அதாவது திரும்பத் திரும்ப வந்து மனசில் ஒட்டிக்கொள்கிற வரி, செய்கிற வேலை இது. கதை நகர நகர அதன் கனம் கூடவில்லை என்றால் அது வெறும் பல்லவி.

லூப்பை வெளியே தேடாதீர்கள். உங்கள் கதையின் இடத்திலேயே ஒரு ஒலி இருக்கும்: அறிவிப்பு மணி, தையல் இயந்திரம், லிஃப்ட் கதவு, ஆள் அழைக்கிற எண். அதைப் போனில் பதிவு செய்து அதிலிருந்தே பீட், அதாவது ராப்புக்குக் கீழே ஓடுகிற தாளம், செய்யலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு, உரிமைப் பிரச்சினை வராது. 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அனுமதி இல்லாமல் ஒரு பழைய பாட்டின் துண்டை எடுத்துப் போட்ட ராப் கலைஞர் பிஸ் மார்க்கிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு சாம்பிளிங், அதாவது இப்படிப் பாட்டுத் துண்டு எடுத்துப் போடுவது, செய்கிற விதமே மாறிப்போனது. இணையத்தில் 'இலவச பீட்' என்று கிடைப்பவற்றில் பல, வணிக நோக்கம் இல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்தான். டிக்கெட் போட்டு மேடையேற்றினால் உரிமம் வாங்க வேண்டும், நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள். கைதட்டல், மேசைத் தட்டு, வாயாலேயே தாளம் போடுகிற பீட்பாக்ஸ் போதும் என்றால் அதுவே சிறந்தது என்பது என் கருத்து, ஏனென்றால் நடிகரின் மூச்சோடு அது ஏறி இறங்கும்.

ராப் எப்போது வரணும், எப்படி எழுதணும்

பேச்சு போதாமல் போகிற நொடியில்தான் ராப் தொடங்க வேண்டும். செல்வி "முடியாது" என்று சொன்ன பிறகு மாறனுக்குப் பேச எதுவும் மிச்சமில்லை. இப்போது பீட் விழலாம்.

மழையில நனைஞ்சது நான், நனையாம வந்தது சோறு,
பிழை என்னன்னு கேட்டேன், பதில் சொல்ல அங்க யாரு?
அஞ்சு நட்சத்திரம் கேட்டு அஞ்சி அஞ்சி நின்னேன்,
கெஞ்சி வாங்குன வேலை, கெஞ்சியும் நிக்கல பாரு.

நாலே வரி. ஆனால் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மழை, பிழை, அஞ்சு, கெஞ்சி. இது எதுகை, வரியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்துப்போவது. சோறு, யாரு, பாரு என்று வரி முடிவில் வருவது இயைபு. ராப் என்றாலே கடைசிச் சொல்தான் என்று நினைத்து எல்லாரும் இயைபை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், நம்மிடம் எதுகையும் மோனையும் காலங்காலமாகக் கைக்குப் பழகிக் கிடக்கிறது, அதை விட்டுவிடுவது பெரிய இழப்பு. வரி முதலிலேயே ஒலி பிடித்துக்கொண்டால் பீட்டின் முதல் அடி அங்கே சரியாக விழும், கேட்கிறவர் காது அடுத்த வரியின் தொடக்கத்துக்காகக் காத்திருக்கும். எழுத்தில் று வேறு ரு வேறுதான், ஆனால் பேச்சில் பலர் வாயில் இரண்டும் ஒன்றாகவே விழுகிறது. இந்த வேலைக்குக் காது சொல்வதே சட்டம்.

தமிழில் ஒரு பொறி இருக்கிறது. வினைச்சொல் கடைசியில் வருவதால் எல்லா வரியும் வந்தான், போனான், நின்றான் என்று தானாகவே ஒத்துப்போகும். சுலபமாகக் கிடைக்கிற அந்த ஒப்புமை எட்டாவது வரியில் சலித்துவிடும். பேச்சுத் தமிழில் சொற்களை முன்னே பின்னே போடலாம் அல்லவா, "நிக்கல பாரு", "வந்தது சோறு" என்று பெயர்ச்சொல்லிலோ விளிப்பிலோ வரியை முடித்துப் பாருங்கள், உடனே உயிர் வரும்.

அளவு பற்றி. ஒரு பார் என்பது தாளத்தில் நாலு அடி. 90 பிபிஎம் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 90 அடி விழும்போது, 16 பார் ஓட சுமார் 43 நொடி ஆகும். கேட்கச் சின்னதாகத் தோன்றும், மேடையில் அது நீளம். முதல் நாடகத்தில் ஒரே மூச்சில் 16 பாருக்கு மேல் போகாதீர்கள். போனில் மெட்ரோனோம் செயலி போட்டு, இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் கைதட்டிக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். தட்டு விழுகிற இடத்தில் முக்கியமான சொல் வருகிறதா? மூச்சு விட இடம் இருக்கிறதா? இல்லையென்றால் சொல்லைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

அப்புறம் மேடைக்கே உரிய ஒரு சிக்கல்: பார்வையாளர் பாட்டைத் திரும்ப ஓட்டிக் கேட்க முடியாது. ஹெட்போனில் பத்தாவது தடவை புரிகிற வரியெல்லாம் இங்கே வீண். கதைக்குத் தேவையான தகவலை, அதாவது யார் கணக்கு, எதற்குக் காசு, எப்போது கெடு என்பதை ராப்புக்கு முன்னால் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். ராப் உணர்ச்சியையும் முடிவையும் சுமக்கட்டும். மிக முக்கியமான ஒரு வரி இருந்தால் அந்த இடத்தில் பீட்டை நிறுத்திவிடுங்கள், நிசப்தத்தில் விழுகிற வரி யாருக்கும் தப்பாது.

ராப் முடியும்போது நிலைமை மாறியிருக்க வேண்டும். தொடங்கும்போது செல்வி மறுத்துக்கொண்டிருந்தாள், முடியும்போது போனைக் கையில் எடுத்திருக்கிறாள், அல்லது கதவைச் சாத்தியிருக்கிறாள். அதே இடத்தில் நிற்கிறாள் என்றால் அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பேட்டில், சைஃபர்

பேட்டில், அதாவது இரண்டு பேர் எதிரெதிரே நின்று ராப்பில் மோதுவது, ஹிப்-ஹாப் நமக்குக் கொடுத்த மிகச் சிறந்த நாடக வடிவம். முறை மாற்றி மாற்றி வரும், சொன்னதைப் பிடித்துத் திருப்பி அடிக்க வேண்டும், கூட்டம் தீர்ப்புச் சொல்லும். 2015இல் வந்த 'ஹாமில்டன்' இசைநாடகத்தில் லின்-மேனுவல் மிராண்டா, அமெரிக்க அமைச்சரவை விவாதங்களையே பேட்டிலாக நடத்தினார், வறண்ட நிதிக் கொள்கையைக் கேட்டு அரங்கம் ஆர்ப்பரித்தது. மாறன், செல்வி பேட்டிலில் நீங்கள் செல்விக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும். உங்கள் அனுதாபம் மாறன் பக்கம் இருக்கும், அதனால் அவளுக்கு மொண்ணையான வரிகளைக் கொடுத்துவிடுவீர்கள். எதிர்த் தரப்புக்கு உங்களிடம் இருப்பதிலேயே கூர்மையான வரியைக் கொடுங்கள். "உன் தவணைக்கு என் ஐடி, என் தவணைக்கு யார் ஐடி?" என்று அவள் கேட்டால் அதற்கு மாறனிடம் பதில் இல்லாமல் போகணும், உங்களிடமும் உடனே பதில் இருக்கக் கூடாது.

பேட்டிலில் அடிக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான். 1971 டிசம்பரில் பிராங்ஸில் சமாதானம் பேசப் போன கும்பல் உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்டார். எல்லாரும் பழிவாங்கலை எதிர்பார்த்தார்கள். ஆனால் அவருடைய தோழர்கள் பழி வேண்டாம் என்றார்கள், ஹோ அவென்யூவில் கும்பல் தலைவர்கள் கூடி உடன்பாட்டுக்கு வந்தார்கள். பின்னால் ஒரு தெருக்காரர் இன்னொரு தெருப் பார்ட்டிக்குப் போக முடிந்ததில் அந்த உடன்பாட்டுக்குப் பங்குண்டு என்று பலர் சொல்வார்கள். நாடகம் எழுதுகிறவர் இதில் பார்க்க வேண்டியது, கூட்டம் முழுவதும் அடி விழப்போகிறது என்று காத்திருக்கும்போது ஒருவர் கையை இறக்குவதில் எவ்வளவு பதற்றம் இருக்கிறது என்பதை.

சைஃபர் என்பது வட்டம். யாரும் உள்ளே வரலாம், தங்கள் முறைக்குச் சொல்லிவிட்டு வெளியேறலாம். மேடையில் இதைக் குழுவின் குரலாக வைக்கலாம்: மற்ற டெலிவரி ஆட்கள் ஆளுக்கு இரண்டு பார், ஆளுக்கு ஒரு ராத்திரி. பார்வையாளரையும் வட்டத்தில் உட்கார வைத்தால் வேறு ஒரு கதவு திறக்கும். 1970களில் பிரேசில்காரரான அகஸ்டோ போல் வளர்த்தெடுத்த மன்ற அரங்கில், பார்ப்பவர் "நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தின் இடத்துக்கே வந்து வேறு வழியை முயன்று பார்ப்பார். சைஃபரோடு இது நன்றாகப் பொருந்தும், ஆனால் முதல் நாடகத்திலேயே இதைச் செய்ய வேண்டாம், நடிகர்களுக்கு நிறையப் பயிற்சி தேவைப்படும்.

மரியாதை

பிராங்ஸ் ராப்பரின் உச்சரிப்பு, கை அசைவு, அவர்கள் தங்களுக்குள் பயன்படுத்துகிற இனச் சொற்கள், இவற்றைக் காப்பி அடிக்காதீர்கள். வடிவத்தைக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்கிற வழி, அவர்கள் செய்ததைச் செய்வது: தங்கள் தெருவின் பேச்சில் தங்கள் தெருவைப் பற்றிச் சொன்னார்கள். உங்கள் பாத்திரம் வீட்டில் எந்தத் தமிழ் பேசுமோ அந்தத் தமிழில் ராப் பண்ணட்டும். வசை தேவைப்பட்டால் வரட்டும், ஆனால் ஒருவரின் பிறப்பையோ உடலையோ இழிவு செய்கிற சொல்லைக் கைதட்டலுக்காக எழுதாதீர்கள்.

நாடகப் பிரதியில் எப்படிக் குறிப்பது, முதல் வாசிப்பு

ராப் பகுதியில் ஒரு பாருக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். தொடங்குகிற இடத்தில் பிபிஎம், பீட் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்று குறிப்பு. மூச்சு விடுகிற இடத்தில் ஒரு சாய்கோடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தியாக. அவ்வளவு போதும், மீதியை நடிகர் பார்த்துக்கொள்வார்.

பத்து நிமிட நாடகம் ஒன்றை முடித்ததும் மனப்பாடம், உடை, விளக்கு எதுவும் இல்லாமல் ஒரு அறையில் உட்கார்ந்து வாசியுங்கள். நீங்கள் வாசிக்காதீர்கள், வேறு யாராவது வாசிக்கட்டும், நீங்கள் கேட்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள். கேட்கிறவர்களில் அந்த வேலை செய்கிற ஒருவராவது இருக்க வேண்டும், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிந்ததும் "நல்லா இருந்ததா?" என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "கதையை எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் விட்டுவிட்ட இடமெல்லாம் ராப்புக்குள் புதைந்துபோன தகவல். அவர்கள் மாற்றிச் சொன்ன இடமெல்லாம் நீங்கள் தெளிவாக எழுதாத தேவை. அந்த வேலை செய்கிறவர் "இப்படி நடக்காது" என்று எங்கே சொன்னாரோ அதைத்தான் முதலில் திருத்த வேண்டும், எதுகையும் இயைபும் அதற்கு அடுத்த சுற்றில்.